ஒழுகாத கல் பாலம்

பாலம் பார்க்கும் உத்தியோகத்தில் ஒரு வசதி உண்டு: ஊரே மேலே போகும்போது நாம் அடியில் நிற்கலாம், மேலிருந்து விழுவதையெல்லாம் தலையில் வாங்கிக்கொள்ளலாம்.

நான் உதவிப் பொறியாளர். திருப்பூரைச் சுற்றியுள்ள சின்னப் பாலங்களின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்து, நலமா என்று எழுதி அனுப்புவது என் வேலை. அரசாங்கத்தில் யார் கண்ணிலும் படாத பொருளுக்குப் பொறுப்பாகிவிட்ட சக பாவிகளுக்கு என் நிலைமை புரியும். என் பொறுப்பில் நொய்யல் ஆற்றின் மேல் ஒரு கல் பாலம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தது, நான்கு வளைவு. கட்டிய வருஷம் பொறித்த கல்லின் மேல் காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, டெய்லர்கள் தேவை என்று போஸ்டர் ஒட்டி ஒட்டி, அது எந்த வருஷம் என்று எனக்கே தெரியாமல் போயிற்று. பக்கத்தில் கான்கிரீட் பாலம் வரப்போகிறது, இதை இடித்துவிடலாம் என்று ஆபீசில் பேச்சு. புதியது வரட்டும், பழையது நடப்பவர்களுக்கும் டூவீலருக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது என் கட்சி. என் கட்சியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கம்பி எங்கே?

பழுது பார்க்க என்ன செலவாகும் என்று கேட்க ஒரு காண்ட்ராக்டரை அழைத்துப் போனேன். வளைவுக்கு அடியில் நின்று டார்ச் அடித்துத் தேடிக்கொண்டே இருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்றேன். கம்பி என்றார். இதில் கம்பியே கிடையாது, சிமெண்டும் கிடையாது, ஆப்பு மாதிரி செதுக்கிய கற்களைச் சுண்ணாம்புக் காரை வைத்து வளைவாக அடுக்கியிருக்கிறார்கள், மேலே பாரம் ஏற ஏற ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று ஆசை ஆசையாக விளக்கினேன். உச்சியில் இருக்கும் நடுக்கல்லை, பெற்ற பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டினேன்.

அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்: "கம்பியே இல்லீனா எஸ்டிமேட்ல எதைங்க மேடம் காட்டறது?"

மூக்கில் அடைப்பு

ஒவ்வொரு தூணும் தண்ணீர் வரும் பக்கமாகக் கூராக நீண்டிருக்கும். வெள்ளத்தை இரண்டாகப் பிளந்து அனுப்ப வைத்த மூக்கு அது. கட்டியவர்கள் வெள்ளத்தை நினைத்தார்கள், மரக்கிளையை நினைத்தார்கள். பனியனை நினைக்கவில்லை. நான்கு வளைவிலும் துணிக்கழிவு மூட்டை மூட்டையாகச் சிக்கிக் கிடந்தது. பக்கத்து யூனிட்டில் வேலை செய்யும் பீகார் தம்பி ராகேஷ், டீ குடிக்க வந்தவர், நான் கழி வைத்துப் போராடுவதைப் பார்த்துப் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். கொத்தாக ஒன்றை இழுத்துப் போட்டு, லேபிளைத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மேடம், நம்ம கம்பெனி மால்! பையர் ரிஜெக்ட் பண்ணது எல்லாம் இங்கதான் ஷிப்மெண்ட் ஆவுது."

இன்னைக்கு ஒரு நாள்தான

கனரக வண்டி ஏறக்கூடாது என்பதற்காகப் பாலத்தின் இரண்டு முனையிலும் உயரத் தடுப்பு வைத்தோம். இரும்புக் குழாய், மஞ்சள் கறுப்புப் பட்டை, எல்லாம் முறைப்படி. ஒரு வாரம் கழித்துப் போனால், நூல் லாரி ஒன்று நிற்கிறது, டிரைவர் தடுப்பின் போல்ட்டை நிதானமாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார். திருநெல்வேலிக்காரர். கழற்றிய போல்ட்டைத் தொலையாமல் துண்டில் முடிந்து வைத்திருந்தார். போகும்போது மாட்டிவிட்டுத்தான் போவாராம். அந்த ஒழுக்கத்தைப் பார்த்து எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

"எக்கா, பாலம் அந்தக் காலத்துலேந்து நிக்கி. என் லோடு இன்னைக்கு ஒரு நாள்தான போவுது?"

எந்தச் சாமி?

கைப்பிடிச் சுவரில் சில கல் பெயர்ந்துவிட்டது. சிமெண்ட் கட்டை வைக்க எனக்கு இஷ்டமில்லை. திருமுருகன்பூண்டிக்குப் போய், சிலை செய்யும் பட்டறை ஒன்றில் அளவைச் சொன்னேன். சிற்பி வரிசையாக நிற்கும் பிள்ளையார், நந்தி, தலை வராத அம்மன் எல்லோரையும் தாண்டி என்னை உட்கார வைத்து, எந்தச் சாமி என்று கேட்டார். சாமி இல்லை, சும்மா சதுரக் கல் என்றேன். பீடமா? இல்லை. படியா? இல்லை. பாலத்துக்கு என்றதும் உளியைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் கல் பிரமாதமாக வந்தது. நான்கு பக்கமும் இழைத்து, மூலையைக்கூட உடையாமல் துணி சுற்றி வண்டியில் ஏற்றினார். அன்றைக்குத்தான் என் கட்சிக்கு இரண்டாவது ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

"ஏனுங் அம்மணி, ஓரத்துல சின்னதா ஒரு வேலாச்சும் போட்டுத் தரட்டுங்களா? வெறுங்கல்லாக் குடுக்க மனசு வர மாட்டேங்குதுங்க."

ஒழுகுகிற வீடு

மூன்றாவது ஆளும் சேர்ந்தார். அவர்தான் சாமியப்பன், ஆற்றோரம் நிட்டிங் கம்பெனி வைத்திருப்பவர். அவருடைய அப்பா தறித்துணியைத் தலையில் சுமந்து அந்தப் பாலத்தில் நடந்தவராம். பாலத்தை இடிக்கக் கூடாது என்று கலெக்டர் ஆபீஸ் வரை போய்வந்தார். நான் தேர்தல் வேலைக்கு வெளியூர் போயிருந்தபோது, எனக்கு ஒரு இன்ப அதிர்ச்சி தருவோம் என்று, சொந்தச் செலவில் பாலத்தின் இரண்டு பக்கச் சுவருக்கும் வழுவழுவென்று சிமெண்ட் பூசி, சந்தன நிறப் பெயிண்டும் அடித்துவிட்டார்.

திரும்பி வந்ததும் ஆற்றுக்குள் இறங்கிச் சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அண்ணாந்து பார்த்தேன். இந்த மாதிரிப் பாலத்தில் வளைவுக்கு மேலே, இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவில், மண்ணும் சரளையும் நிரப்பியிருப்பார்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். அது வெளியேறத்தான் சுவரில் வரிசையாகத் துளை விட்டிருந்தார்கள். போதாததற்குச் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விடும். இப்போது ஒரு துளைகூடக் கண்ணில் படவில்லை. தண்ணீருக்கு வழி இல்லாவிட்டால் சுவரைத்தான் தள்ளும் என்று சொன்னேன். அவர் குழப்பமாகப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஒழுகற ஊட்டைப் பாத்துட்டு அப்பிடியே உட்டுட்டுப் போக முடியுங்களா?"

நோம்பி முடியட்டும்

மறுநாளே துளைபோடும் மெஷினோடு போய் இறங்கினேன். சாமியப்பனே முதல் ஆளாக வந்து நின்றார், அடைத்த இடங்களைக் கரியால் குறித்தும் கொடுத்தார். ஆனால் அடுத்த நாள் பதினெட்டாம் பெருக்கு, இந்தப் பக்கத்துப் பேச்சில் நோம்பி. புதுப் பெயிண்ட் அடித்த பாலத்துக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, ஊரே பொங்கல் வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தம் கேட்டதும் பெண்கள் கூடிவிட்டார்கள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்; அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். போலீசை அழைத்துப் பொங்கலை நிறுத்த எனக்கு அதிகாரமும் இல்லை, மனசும் இல்லை.

"நோம்பி ஒண்ணு முடியட்டுங்க அம்மணி, மஞ்ச பூசுன ஒடம்பைக் குத்தலாமுங்களா?"

பேப்பரில் வந்த பாலம்

நோம்பி அன்று சாயங்காலம் பிடித்த மழை மறுநாள் மதியம்தான் விட்டது. கிழக்குப் பக்கச் சுவர் வயிறு தள்ளி, பெயிண்ட்டும் மாவிலையுமாக ஆற்றில் சரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. நான்கு வளைவும் அப்படியே நின்றன. ஒரு கல் நகரவில்லை. சுவரைத் திரும்பக் கட்டிவிடலாம் என்று நான் எழுதியதை மேலதிகாரி முழுக்கப் படித்தார். நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாலம் இடிந்ததுன்னு பேப்பர்ல போட்டுட்டாங்கம்மா. வளைவு இடியலைன்னு நாம யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

ரெண்டாவது மெஷின்

இடிக்கும் நாளில் நான்தான் மேற்பார்வை. அதுவும் என் வேலையில் சேர்த்திதான். உடைக்கும் மெஷின் காலையிலிருந்து உச்சிக் கல்லைக் குத்திக்கொண்டே இருந்தது. குத்தக் குத்தக் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிக்கொள்ள வசதியாக நிறையத் தூசியும் இருந்தது. மத்தியானம் ஆபரேட்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏனுங் மேடம், பலமில்லாத பாலம்னு சொன்னது இதைத்தானுங்களா? இன்னொரு மெஷின் வரச் சொல்லுங்க."

மழை மேல் பழி

கடைசி வளைவு விழுந்த அன்று சாமியப்பன் வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல், பஞ்சு ஒட்டிய தலையோடு என் பக்கத்தில் நின்றார். விழுந்த கல் ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்தார். பிறகு, தான் கை வைக்காமல் இருந்திருந்தால் நின்றிருக்குமா என்று கேட்டார். நின்றிருக்கும். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்துவிட்டது என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. இந்த வருஷம் மழை ரொம்ப அதிகம், யார் என்ன செய்திருந்தாலும் விழுந்திருக்கும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

"எம்மேல சொல்ல வேண்டியதை மழை மேல சொல்லிப் போட்டீங்க. நல்லா இருங்க கண்ணு."

கவனிப்பார் இல்லாமல் போன பாலங்கள் என் பொறுப்பில் இன்னும் எத்தனையோ நன்றாகவே நிற்கின்றன, ஊரே கொண்டாடிய ஒன்றைத்தான் என்னால் காப்பாற்ற முடியவில்லை.