எண்பத்தெட்டு ஏப்ரல் என்று சொன்ன பன்னீர் அண்ணன்

பன்னீர் அண்ணன் இறந்துவிட்டார்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பன்னீர். டியூஷன் முடிந்து வரும்போது அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் யாரோ கம்ப்யூட்டரில் வைத்த திருநீறு...

"நம்ம ஊட்லேர்ந்து ஒருத்தரும் அங்க போகக் கூடாது." இது பெரியப்பா, சாப்பிடும்போது.

கீழே அவர்கள், மாடியில் நாங்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பா தலையாட்டினார். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்குப் பெரியப்பா என்றால் பயம். போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்துவைத்து இதை டைப் செய்கிறேன். கீழே அவர் இருமினால் விரல் நின்றுவிடுகிறது. ஆனாலும் எழுதுவேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருக்கிறது. வெளியே சிவப்பு, உள்ளே வெளிர்நீலம். பக்கவாட்டில் வெள்ளை எனாமல் பெயிண்ட்டில் பெரியப்பா பெயர், "அன்பளிப்பு, 1994". கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுவார்களே, அதே மாதிரி. அம்மா, அப்பா கல்யாணம் நடந்த வருஷம் அது.

விசேஷம் எதுவானாலும் வருகிறவர்களிடம் அதைக் காட்டுவார். "இவ வெறுங்கைய வீசிக்கினு வந்தா. நான்தான் ஃப்ரிட்ஜ் வாங்கிக் குடுத்தேன்." அம்மா அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருப்பாள்.

நான் எட்டாவது படிக்கும்போது அது கூலிங் நின்றுபோனது. அப்போதுதான் பன்னீர் அண்ணன் முதல்முதலாக வந்தார்.

"எத்தினி வயசு சார் இதுக்கு?"

"எழுதியிருக்குல்ல, கண்ணு தெரியலயா? தொண்ணூத்து நாலு."

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்திவிட்டு, டார்ச்சோடு தரையில் படுத்துவிட்டார். கம்ப்ரசர் மேலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"இன்னா சார், தொண்ணூத்து நாலுன்றீங்க? இதுல எண்பத்தெட்டு கீது."

"யோவ், எவனாவது கம்ப்ரசர மாத்தியிருப்பான்."

"மாத்துனா பைப்ப அறுத்து ஒட்டுன தழும்பு இருக்கும் சார். இது கம்பெனி ஒட்டு."

பிறகு காய்கறி ட்ரேயை வெளியே இழுத்தார். உள்ளே இருந்த கொத்தமல்லியை என் கையில் கொடுத்துவிட்டு, ட்ரேயைக் கவிழ்த்தார். அடியில் குட்டிக் கடிகாரம் போல ஒரு வட்டம். சுற்றிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள். நடுவில் 88. ஓர் அம்புக்குறி நாலைக் காட்டியது.

"எண்பத்தெட்டு ஏப்ரல்ல வார்த்த ட்ரே. அதுக்கப்பறம்தான் இது கம்பெனிய விட்டே வந்துகீது... ஏன் சார், ட்ரேயும் மாத்திட்டாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். பெரியப்பா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கொத்தமல்லியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது சமையலறையிலிருந்து அம்மா குரல். "அது எங்கம்மா ஊட்டு ஃப்ரிட்ஜ். நான் வாங்குனது."

"நான்தானே டெம்போ வெச்சு எடுத்தாந்தேன்?"

"டெம்போ நீங்க வெச்சது மாமா. ஃப்ரிட்ஜ் நான் வாங்குனது."

அத்தனை வருஷத்தில் அம்மா அவரை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

அன்று ராத்திரி அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோ பார்ட்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்தது. எண்பத்தெட்டு தீபாவளி போனஸில் ஃப்ரிட்ஜ் வாங்கியது. அவர்கள் தெருவில் அதுதான் முதல் ஃப்ரிட்ஜ். கத்திரி வெயிலில் தெருப் பிள்ளைகள் டம்ளரோடு ஐஸுக்கு வந்து நிற்குமாம். கல்யாணத்துக்குப் பிறகு அதே ஃப்ரிட்ஜ் அம்மாவோடு டெம்போவில் இங்கே வந்தது. அடுத்த வாரம் பெரியப்பா பெயிண்ட் டப்பாவோடு வந்தாராம். புது மருமகள்... என்ன சொல்லியிருக்க முடியும்?

பெரியப்பா சும்மா விடவில்லை. தெரு முழுக்கச் சொன்னார், பன்னீருக்கு வேலை தெரியாது என்று. பிறகு அம்மாவையும் அவரையும் சேர்த்து வேறு ஒன்றும் சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அது பொய்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஒருநாள் டீக்கடை வாசலில் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"இன்னா பாப்பா, ஃப்ரிட்ஜு ஓடுதா?"

"ஓடுதுண்ணா... நீங்க அன்னைக்குத் தொண்ணூத்து நாலுன்னே சொல்லியிருக்கலாம்."

"எப்டிமா சொல்றது? வயசு பார்த்துதான் இன்னா கூலிங் கேஸு, இன்னா பார்ட்டுன்னு முடிவு பண்றோம். பெயிண்ட்ட நம்பி கேஸ் ஏத்துனா உங்க பெரியப்பனா வந்து பதில் சொல்லுவாரு?"

சிரித்தார். எனக்கும் ஒரு பட்டர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். அதுதான் கடைசியாகப் பேசியது.

பெரியப்பா மகன் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறான். விடிவதற்குள் இது கீழே பெரியப்பாவிடம் போய்விடும். போனைப் பிடுங்குவார்கள். அடியும் விழலாம். அவனை பிளாக் பண்ணலாமா என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பண்ணவில்லை. இது பப்ளிக் போஸ்ட். அண்ணா, நீயும் படி. உங்க அப்பாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு.

இதுவரை எழுதியபோது அம்மா போர்வையை விலக்கிவிட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன். போனை வாங்கி முழுவதும் படித்தாள். அழித்துவிடுவாள் என்று பயந்தேன்.

"எப்ப எடுக்கறாங்களாம்?"

"பத்து மணிக்கு. வெள்ளானூர்ல."

"எட்டு மணிக்குக் கெளம்பலாம். ஸ்கூலுக்கு லீவு போட்ரு. மால வாங்கணும்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

பன்னீர் அண்ணா... நாங்க ரெண்டு பேரும் வர்றோம்.