இரண்டு முறை செத்த தளபதி

குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்த அதே வாரத்தில் என் வீட்டுக்காரர் மேடையேறிப் பாடினார். ஞாயிற்றுக்கிழமை பாட்டு, வியாழக்கிழமை ஆபரேஷன். நடுவில் இருந்த நாட்களை நான் எனக்கென்று எடுத்து வைத்திருந்தேன். அந்தக் குரல் அதன் பிறகு இருக்காது. இருக்கிறவரைக்கும் வீட்டில் உட்கார்ந்து என்னோடு பேசட்டும் என்பதுதான் என் கணக்கு.

டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அவரும் அக்கம்பக்கத்து ஆபீஸ்காரர்களும் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். எல்லோரும் ரிட்டயராகித் திசைக்கொருவராகப் போன பிறகு குர்கான், நொய்டா பக்கத்து ஐ.டி. பிள்ளைகள் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். முழு நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? நாடகம் வேண்டாம், பழைய நாடகங்களின் பாட்டுகளை மட்டும் ஒரு சாயங்காலம் வரிசையாகப் பாடலாம் என்று முடிவு செய்தார்கள். தளபதி பாட்டு இவருடையது. இவரை விட்டால் அதைப் பாட ஆள் கிடையாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போதாதா? தலைகால் புரியவில்லை மனிதருக்கு.

"ஒரு பாட்டுதானட்டி. பாடிட்டு இறங்கிருதேன்" என்றார். கரகரவென்றுதான் வந்தது குரல். டாக்டர் பேச்சையே குறைக்கச் சொல்லியிருந்தார்.

"ஒரு தடவைதான். ஒன்ஸ்மோர் கேட்டாவன்னு திரும்பப் பாடுனிய, நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்."

"அச்சா மேடம்" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடை நம்பினேன் பாருங்கள்.

ஹாலில் நல்ல கூட்டம். டிசம்பர் குளிருக்குப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்வெட்டர்களின் அந்துருண்டை வாசனை. முதலில் ஒரு பெண் பாடினாள். தமிழ் வாசிக்க வராது, போனில் ஆங்கில எழுத்தில் அடித்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பாடினாள். சுருதி சுத்தமாக இருந்தது. பிறகு இரண்டு பையன்கள் கோமாளிப் பாட்டுக்கு ஆடினார்கள், சபை சிரித்தது. எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. மேடை ஓரத்து நாற்காலியில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜலதோஷம் என்று குழுவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். உண்மை தெரிந்தவர்கள் அந்த ஹாலில் நானும் எங்கள் மகளும்தான்.

அவர் முறை வந்தது. தளபதி போர்க்களத்தில் அம்பு பட்டு விழுந்து கிடக்கிறான், செத்துப்போவதற்குள் ஊரில் இருக்கும் மனைவியை நினைத்துப் பாடுகிறான். நெஞ்சில் அம்போடு இத்தனை சங்கதி போடுகிற ஆளை வேறெங்கும் பார்க்க முடியாது என்று கல்யாணமான புதிதிலிருந்தே கேலி செய்து வருகிறேன். அன்றைக்கு அந்தச் சங்கதி ஒன்றும் வரவில்லை. மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. ஆர்மோனியக்காரர் நிலைமை புரிந்து சுருதியைக் கீழே இறக்கினார். இவர் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஹாலில் இருமல் சத்தம்கூட இல்லை.

"என்னமா நடிக்கிறார் பாருங்க. சாகிறவன் குரல் அப்படியே வருது" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். அவரை அறைந்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

பாட்டு முடிந்து தளபதி தரையில் சாய்ந்து கண்ணை மூடினார். பின்வரிசையில் ஒருவர் "ஒன்ஸ்மோர்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ஹாலே கேட்டது. எங்கள் நாடகங்களில் இது ஒரு மரியாதை. பாட்டு பிடித்துவிட்டால் செத்தவனும் எழுந்து திரும்பப் பாடியாக வேண்டும். பாடி முடித்துத் திரும்பச் சாக வேண்டும். யாரும் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். கேட்டும் பாடாமல் போனவன் என்று பெயர் வாங்க எந்தப் பாடகனுக்கும் மனம் வராது.

தளபதி ஒரு கண்ணைத் திறந்தார். நேராக என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். பக்கத்தில் மகளும் கையை ஆட்டினாள். அவர் சிரித்தார். மஃப்ளரை உருவிக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

எழுந்து வெளியே போவேன் என்று சொல்லியிருந்தேன். போக முடியவில்லை. இரண்டாம் முறை மனைவியை நினைத்துப் பாடும் அடிகளை என்னைப் பார்த்தே பாடினார். மற்றவர்களுக்கு அது எப்படியோ, எனக்குப் பெருமையாக இல்லை. வயிறு எரிந்தது. என் சொத்தை எடுத்து ஊருக்கு வாரி இறைத்துக்கொண்டிருந்தார். கடைசி அடியில் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆர்மோனியம் அந்த இடத்தை நிரப்பியது. அதுவும் நடிப்பு என்று நினைத்துச் சபை எழுந்து நின்று கைதட்டியது.

மகள் கார் ஓட்டினாள். வழி நெடுக நான் திட்டிக்கொண்டே வந்தேன். "ஊர்க்காரன் கைதட்டுனா போதும், வீட்டுல உள்ளவ எப்படிப் போனா என்ன, அப்படித்தானே? வாயத் திறந்து பதில் சொல்லுங்க." அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார்.

வீங்கிவிட்டது, இனிமேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று மறுநாள் டாக்டர் சத்தம் போட்டார். பேசச் சொன்னாலும் முடிந்திருக்காது, வெறும் காற்றாகத்தான் வந்தது. திங்கள், செவ்வாய், புதன் இப்படியே கழிந்தன. ஜாடை காட்டினார், நான் புரிந்துகொண்டேன், சில சமயம் புரிந்த மாதிரி நடித்தேன். இரண்டு தடவைப் பாட்டும் மகளின் போனில் இருக்கிறது. நான் கேட்பதில்லை. எனக்கு வேண்டியது தளபதி இல்லை. விடிந்ததும் அடுக்களைப் பக்கம் எட்டிப்பார்த்து "பால் வந்துட்டாட்டி?" என்று கேட்கிற குரல் அந்த இரண்டிலும் இல்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். மாஸ்க் போட்ட நர்ஸ் குனிந்து, "அங்கிள், அப்னா நாம் போலியே" என்றாள். பெயரை நோயாளி வாயால் கேட்டுத்தான் உள்ளே விடுவார்களாம். அவர் உதட்டை அசைத்தார். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் ஆன்ட்டி என்றாள்.

கட்டினவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. டெல்லிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் என்னை விடவில்லை. பேங்கிலோ ரேஷன் கடையிலோ கேட்டால் மகளைச் சொல்லச் சொல்லுவேன், இல்லாவிட்டால் எழுதிக் காட்டுவேன். "ஒரு தடவ சொல்லுட்டி, வானமா இடிஞ்சு விழுந்துரும்?" என்று காலம் பூராவும் அவர் என்னைச் சீண்டியதற்கு அளவில்லை.

சொன்னேன். முதலெழுத்தோடு சேர்த்து, நர்ஸுக்குப் புரியும்படி நிறுத்திச் சொன்னேன்.

அவர் தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தார், வேகமாக உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. என்ன சொன்னீர்கள் என்று நான் கிட்டே குனிவதற்குள் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.