பென் ஹாரலில் பின்தங்கியவர்

இருபத்தாறு வருடமாக உனா மாத்தெசனுக்கு அதே மலைதான். ஸ்காட்லாந்தின் வடக்கே, ஹெதர் புதரும் கறுப்புச் சதுப்புமாகக் கிடக்கும் வெளியின் நடுவே நிற்கிற பென் ஹாரலுக்குக் வழிகாட்டியாகக் காலையில் ஆட்களை ஏற்றிப்போய் மாலையில் இறக்கிவருவாள். பாதைக்கு அடையாளமாக அடுக்கிய ஒவ்வொரு கற்குவியலருகிலும் நின்று தலை எண்ணாமல் நகரமாட்டாள்.

ஒரே ஒருமுறை எண்ணவில்லை. பதினொரு வருடம் முன்பு, மூடுபனியில், பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்த டூகல் பெய்ன் என்ற தபால்காரர் பின்தங்கிவிட்டார். ஓடையைத் தாண்டிய பிறகுதான் ஆள் இல்லை என்பது தெரிந்தது. மூன்றாம் நாள் சதுப்பிலிருந்து உடலை எடுத்தார்கள். அவள்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அவள் மனசு அப்படிச் சொல்லவில்லை.

அதிலிருந்து பனி இறங்கும் நாளில் எண்ணிக்கை ஒன்று கூடியது. ஆறு பேரோடு போனால் ஏழு. ஏதாவது பாறையாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள். கூடவே வழிகாட்டியாக வரும் கணவன் டார்க்கிலிடம்கூட மூச்சுவிடவில்லை.

போன மே மாதம் கிளாஸ்கோவிலிருந்து ஐல்சா என்ற நர்ஸ் வந்திருந்தாள். உச்சிக்குக் கீழே, பனிக்குள் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது கேட்டாள்.

"கடைசியா வர்றவரு ஏங்க நம்மகூட உக்கார மாட்டேங்குறாரு? முழுசா நனைஞ்சிருக்காரு. ரெண்டு தடவ கூப்பிட்டேன், பூட்ஸையே பாத்துட்டு நிக்கிறாரு."

உனா கோப்பையைக் கீழே வைத்தாள். டார்க்கிலைத் தனியே அழைத்தாள்.

"நீ முன்னால கூட்டிட்டுப் போ. நான் கடைசியா வரேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எதுவும் கேட்காமல் ஆட்களை எழுப்பிக்கொண்டு இறங்கினான்.

பேச்சுக் குரல்கள் தேய்ந்ததும் உனா மூடுபனியின் வெண்மையைப் பார்த்துச் சொன்னாள்: "டூகல், அவசரமில்ல. கட்டிட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நடந்தாள். பத்தடி போவதற்குள் சதுப்பில் ஈரக்காலடி பின்னால் தொடங்கியது. அடிவாரக் கேட் வரைக்கும் அவள் திரும்பவில்லை. கேட்டருகே சத்தம் நின்றது.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். டார்க்கில் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"நானும் பாத்திருக்கேன்," என்றான். "நீயா சொல்ற வரைக்கும் கேக்க வேணாம்னு இருந்தேன்."

இப்போது எந்த நாளானாலும் டார்க்கில்தான் முன்னால் போகிறான். உனா கடைசியில், மெதுவாக வருகிறாள்.