வெறும் பலகை பாடிய தாலாட்டு

கொம்பியூட்டர்காரன் பேய்க்கதை சொல்கிறானே என்று சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில். 1993, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி.

எங்கள் அலுவலகத்தில் அலுமாரி அளவில் ஒரு பழைய கொம்பியூட்டர். அதன் நினைவகப் பலகை எரிந்துபோயிற்று. அந்த மாதிரிப் பலகை அப்போதே யாரும் செய்வதில்லை. நானும் என் கூட்டாளி அடைக்கலநாதனும் புதிதாக ஒன்றை நாங்களே வரைந்து, கம்பி கம்பியாகப் பற்றவைத்தோம். சிப்புகள் மட்டும் இல்லை. வாங்க அவன் கொழும்புக்குப் புறப்பட்டான்.

முந்தி அவன் அந்த இயந்திரத்தின் மேல் றேடியோவை வைப்பான். உள்ளே கணக்கு ஓடினால் றேடியோ இரையும். அந்த இரைச்சலிலேயே தன் தாய் பாடும் தாலாட்டை வரவைப்பான், பாவி! அதற்குரிய எண்கள் அவன் தலைக்குள் மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் சுவிச்சுகளைத் தட்டித் தட்டி ஏற்றுவான்.

புறப்படும்போது சொன்னான்: "பலகை சரிவந்தால் முதல் என்ரை பாட்டு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து கேக்கப் பண்ணோணும். போட்டுவாறன்."

அவன் கொடுத்துவிட்ட சிப்புகள் முதலில் வந்தன. கொண்டுவந்த வியாபாரி தம்பிஐயா சொன்னார்: "உங்கடை கூட்டாளி இண்டைக்கு இரவு கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வாறான். காலமை நிப்பான்."

காலையில் அவன் இல்லை. மத்தியானமும் இல்லை.

சும்மா இருக்கப் பயமாக இருந்தது. சிப்புகளைச் செருகினேன். ஜெனரேற்றரை இயக்கினேன். சோதித்துப் பார்க்க றேடியோவை மேலே வைத்தேன்.

இர்ர்ர்ர்...

பிறகு மெட்டு.

தாலாட்டு.

பலகை வெறும் பலகை. நான் எதுவும் ஏற்றவில்லை. கணக்கு ஓடும்போது எரியும் விளக்கைப் பார்த்தேன்...

எரியவில்லை.

முதலாம் அடி. இரண்டாம் அடி. மூன்றில் பாதி...

நின்றது.

"அடைக்கலம்?"



அவன் தாய் மரியநாயகியிடம் ஓடினேன். அங்கே கைக்குழந்தையோடு இராசமலர் என்றொருத்தி இருந்தாள். அவன் வந்த வள்ளத்தில் தப்பியவள். நடுக்கடலில் குழந்தை வீரிட்டதாம். சத்தம் கேட்டால் கடற்படை சுடும் என்று எல்லோரும் பதறினார்களாம். அடைக்கலம்தான் வாங்கி, மடியில் வைத்துப் பாடினானாம்.

அந்த மெட்டை முனகிக் காட்டினாள். முதலாம் அடி. இரண்டாம் அடி. மூன்றில் பாதி.

"இதிலைதான் அவருக்கு வெடி விழுந்தது, அம்மா."

மரியநாயகி குழந்தையை வாங்கி மடியில் கிடத்தினாள். அழுதழுது மிச்சத்தைப் பாடினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.