ஆறுவதற்குள் ஒரு தட்டு பிரியாணி

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் நடந்தது இது.

அப்போது ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் நான் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சொந்த ஊர் நெமிலி பக்கம். அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இங்கிலீஷ் ஓரளவு பேசுவேன் என்பதால், புது உற்பத்தி லைன் அமைக்கப் போர்ச்சுகலிலிருந்து வந்த டெக்னீஷியன் குடும்பத்துக்கு என்னைத் துணையாகப் போட்டுவிட்டார்கள். அவர், அவர் மனைவி, ஸ்கூலுக்குப் போகிற வயதில் ஒரு பெண், அம்மா இடுப்பை விட்டு இறங்காத ஒரு சின்னப் பையன்.

வந்த நாள் முதல் கெஸ்ட் ஹவுஸ் சாப்பாடு பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரொட்டியும் வாழைப்பழமும்தான். வெளியே போய்ச் சாப்பிடலாம் என்றால் அது இன்னும் கஷ்டம். ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் பையனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நடக்க வேண்டும். "மாசக் கடைசியில் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறேன்" என்று அந்த அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் போனால் டெக்னீஷியனும் இருக்க மாட்டார். டெக்னீஷியன் இல்லையென்றால் லைன் ஓடாது. அந்த லைனில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்த பெண்களில் என் அக்காவும் ஒருத்தி.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழம நல்ல ஓட்டலா பாத்துக் கூட்டினு போப்பா. எப்படியாச்சும் அவங்க மனசு மாறணும்."

நல்ல ஓட்டல் என்றால் ஏசி, வெள்ளைத் துணி விரித்த மேசை, கண்ணாடி டம்ளர் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றுக்கு வேலூரில் கூட்டிப்போனேன். நானே அதற்குள் முதல்முறையாக நுழைந்தேன் என்பது வேறு விஷயம். உள்ளே எல்லோரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மகள் கைதவறி டம்ளரை உடைத்தாள். எல்லாத் தலைகளும் திரும்பின. பையன் அலற ஆரம்பித்தான். அந்த அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றார். திரும்பி வந்தபோது அவர் தட்டில் எல்லாம் ஆறிப்போயிருந்தது.

காரில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் ஒரு வேளைகூடச் சூடாகச் சாப்பிடவில்லை" என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

டிரைவர் ஆம்பூர்க்காரர், பாய். ஊருக்குள் நுழையும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பசங்க இன்னும் பட்டினிதான?"

"ஆமா பாய்."

"நீ ஸ்பூன எந்தக் கையில புடிக்கறதுன்னு பாத்துனு இருந்தா அவங்க எப்டி சாப்புடுவாங்க? நம்ம கடைக்கு வுடறேன். காரம்லாம் கம்மிதான்."

வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குள் கார் கடை வாசலில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே கூட்டம், இரைச்சல், எவர்சில்வர் தட்டுகள். எப்படியோ ஒரு மேசை கிடைத்தது. பாயும் எங்களோடு உட்கார்ந்தார். சூடான பிரியாணி வந்தது. அந்த அம்மா பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மகளின் சட்டையில் கொட்டிய தயிர்ப் பச்சடியைத் துடைக்கத் திரும்பினார். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தால் நாற்காலி காலி.

அவர் எழுந்த வேகத்தில் தண்ணீர் ஜாடி உருண்டது. பையன் பெயரைச் சொல்லிக் கத்தினார். கடை அப்படியே அடங்கியது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், பையனைப் பக்கத்து மேசையிலிருந்த ஓர் அக்கா தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பார்த்தும் அது ஒரு விஷயமாகவே எனக்குப் படவில்லை. கைக்குழந்தையோடு ஒரு தாய் சாப்பிட உட்கார்ந்தால், சாப்பிட்டு முடித்த யாராவது குழந்தையைத் தூக்கிக்கொள்வது நம் பக்கத்தில் வழக்கம்தானே. யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. அது அவருக்குத் தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஓடிப்போனோம். வாசலோரம் பர்தா போட்ட அந்த அக்கா உட்கார்ந்து, பையனை மடியில் வைத்துக்கொண்டு பஸ் காட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் தட்டு. பையன் வாயில் சோறு! தாய் அவனைப் பிடுங்கிக்கொண்டார். அவன் அழுதான்.

அந்த அக்கா மிரண்டுபோனார். "இன்னா ஆச்சு? நான் இன்னா பண்ட்டேன்? அந்தம்மா ரெண்டு வாய் துன்னட்டும்னுதான தூக்கினேன்!"

"நான்தான் சொன்னேனே, அவங்க வெளியூர்க்காரங்கன்னு. உனக்குக் கை சும்மா இருக்காதே" என்றார் அவர் கணவர்.

நடுவில் நின்று நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன்.

"அவருக்கு எங்களைத் தெரியுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"தெரியாது."

"பிறகு ஏன்?"

"நீங்கள் சாப்பிடத்தான்."

அவர் பையனை நெஞ்சோடு அணைத்தபடி அந்த அக்காவின் தட்டைப் பார்த்தார். கறியை நாராகப் பிய்த்து, சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வைத்திருந்தது அதில்.

நான் அந்த அக்காவிடம், "அவங்களுக்குப் புள்ள கண்ணுல பட்டுனே இருக்கணும்கா" என்றேன்.

"அவ்ளோதான? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

தட்டோடு வந்தார். எங்கள் மேசையில் அந்த அம்மாவுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த முறை தூக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக் காத்திருந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு பையனைக் கொடுத்தார்.

முதலில் ஒரு வாய் சாப்பிடுவதும், நிமிர்ந்து பையனைப் பார்ப்பதுமாக இருந்தார். அந்த அக்கா கண்ணாலேயே 'சாப்பிடு, சாப்பிடு' என்றார். போகப்போக நிமிர்வது குறைந்தது. மகள் கத்திரிக்காயை நைசாகக் கீழே தள்ளினாள். சர்வர் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டு, ஒரு அவித்த முட்டையை வைத்துவிட்டுப் போனார். அவள் அப்பா காதில் ஏதோ சொன்னாள். அவர் எனக்குச் சொன்னார்: "இங்கே யாருக்கும் கோபமே வராதா என்று கேட்கிறாள்."

தட்டு காலியானதும் அந்த அம்மா இன்னொரு தட்டு கேட்டார். "பாத்தியா தம்பி, ஏசிய வுட இந்த ஃபேன் காத்து நல்லா வேல செய்யுது" என்றார் பாய்.

மாசக் கடைசி வந்தது. அவர்கள் போகவில்லை. லைன் ஓடத் தொடங்கி, ஒப்பந்தம் முடிகிற வரை இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கடைதான். என் அக்கா இன்றும் அந்த லைனில்தான் வேலை செய்கிறாள்.

இப்போதும் ஓட்டலில் குழந்தையோடு யாராவது தடுமாறினால் என் கை தானாக நீளும். ஆனால் அந்தத் தாய் தலையசைக்கும்வரை தூக்க மாட்டேன். தூக்கிய பிறகும், அவர் நிமிர்ந்தால் குழந்தை தெரிகிற இடத்திலேயே நிற்பேன். நம் மனசு நல்லதுதான் என்பது ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும், நாம் அவர் கண்ணுக்கு எதிரே நின்றால்தானே.