சிரட்டையில் அள்ளிய தண்ணீர்

கருவாடு காயும் வாசனையும் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் கலந்த தெரு அது... இராஜாக்கமங்கலம் பக்கம், கடலோரம்.

முப்பது ஆண்டுகள் இருக்கும். பஞ்சாயத்தின் கொசு ஒழிப்புப் பணி ஒழுங்காக நடக்கிறதா என்று மதிப்பிடும் தற்காலிக வேலை எனக்கு. பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும். அதைத் தேய்த்துக் கழுவி மூடிவைக்கச் சொல்லித்தர வேண்டும். வந்துபோனதற்கு அடையாளமாகச் சுவரில் தேதி எழுதுவார்கள்.

ஸ்டெல்லா அக்கா வீட்டுச் சுவரில் நான்கு தேதிகள், அழகான கையெழுத்தில். நான் டிக் போடப் பேனாவைத் திறந்தேன்.

"செவுத்துக்கா சாரே காய்ச்சல்? எம் புள்ள மூணு நாளா சுருண்டு கிடக்கு. எழுதினவன் ஒருத்தனும் உள்ள வரல்ல," என்று தடுத்தார் அக்கா.

உள்ளே போனேன். தொட்டியிலிருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் அள்ளினேன். புழுக்கள் நெளிந்தன...

"அது எப்பவும் கிடக்கும் சாரே, ஒண்ணும் செய்யாது."

"அக்கா, இதுதான் கொசுவா மாறும்."

அவர் சிரட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இத ஒருத்தனும் எங்கிட்ட சொல்லல்லியே..."

வாசலில் நின்ற என் மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினார். "ஏலே மக்கா, நமக்கு எதுக்குடே வம்பு? தேதி இருக்குல்லா, டிக் போடு."

"போடுங்க சாரே," என்றார் அக்கா. "பேனா உங்களுக்கு, காய்ச்சல் எம் புள்ளைக்கு."

நான் டிக் போடவில்லை. 'சுவரில் தேதி உள்ளது. வீட்டுக்குள் யாரும் வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி அலுவலகத்தில் இருமுறை திருப்பி அனுப்பினார்கள். இருமுறையும் அதையே எழுதினேன்.

அடுத்த மாதம் போனபோது தொட்டி சுத்தமாக இருந்தது. அக்காவின் மகள் வாசலில் கட்டம் கீறிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு தேதியும் இல்லை.

"நான்தான் அழிச்சேன். இனி வாறவன் தொட்டியப் பாத்துட்டு எழுதட்டும்."

இன்று நானே மேற்பார்வையாளர். சுவருக்குப் பதில் செல்போன்; தொட்டியைப் படமெடுத்துப் பதிய வேண்டும். சென்ற வாரம், விளிம்பு உடைந்த ஒரே தொட்டியின் படம் ஒரு தெருவின் எல்லா வீடுகளுக்கும் பதிவாகியிருந்தது. பதிவு செய்த பணியாளரைக் கேட்டேன்.

"சார், ஆப்ல எல்லாம் பச்சைதானே காட்டுது?"

குரலை உயர்த்தவில்லை. கோப்பை மூடிவிட்டு அந்தத் தெருவுக்கு நடந்தேன். அன்று அக்கா தடுத்திராவிட்டால், நானும் இந்நேரம் பச்சையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நன்றி இன்னும் தீரவில்லை...

முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"ஒரு சிரட்டை தருவியளா?"