ரயில் பாதை ஓரத்துப் பதினொரு மரங்கள்

எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் உட்கார்ந்தவள், அதிலும் பாதி நாள் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு. வரி கோணலாகப் போகும். சொன்னதையே திரும்பச் சொல்வேன். பல விஷயம் மறந்தும் போயிற்று. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மருமகள் சிம்பாங் ரெங்கத்தில் வாத்தியாராக இருக்கிறாள். கோயில் ஆண்டு மலருக்கு என்னை எழுதச் சொன்னது அவள்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் பத்துத் தரம் எழுந்து போகிறார்களாம். "நீங்க முப்பது வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க. ஒரு மரத்துலகூட காயம் போட்டதில்லன்னு சொல்றாங்க. அந்தக் கவனம் எப்படி வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க" என்றாள். ஒரு மாதம் தட்டிக் கழித்தேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். வெட்கம்தான், ஆனால் அவள் நினைக்கிற வெட்கம் இல்லை. ஒரு மரத்தில்கூடக் காயம் போடாதவள் என்பது பொய். நான் பதினொரு மரத்தில் காயம் போட்டேன். அதை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

பாலோவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. எனக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். சொந்தமாக நிரை கிடையாது. நிரை என்றால் ஒரு ஆளுக்கென்று ஒதுக்கிய மரங்கள், முந்நூறுக்கு மேலே இருக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர்களுடைய நிரையில் போய் வெட்டுகிற பதில் ஆள் நான். எனக்கென்று ஒரு நிரை கிடைக்காதா என்று அவ்வளவு ஆசை. நிரை உள்ளவர்கள் காலையில் ஆள் கூடுகிற பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டதும் நேராகத் தங்கள் மரத்துக்கு நடப்பார்கள். நான் மட்டும் இன்று எங்கே என்று கங்காணி முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் லயத்து வரிசையில் அடுத்த வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். சொந்த அக்கா இல்லை, வாய் நிறையக் கூப்பிட்டுப் பழகியது. அவள் புருஷன் புல் வெட்டுகிற கூட்டத்தில் இருந்தான். அந்த வீட்டில் நிரை உள்ளவள் அவள் ஒருத்திதான். நிறைமாதம் வரைக்கும் வெட்டினாள். பிள்ளை பிறந்ததும் அவள் நிரையைக் கங்காணி எனக்குக் கொடுத்தார், நாற்பது நாளைக்கு. அவளும் படுத்த இடத்திலிருந்தே, "ஏ புள்ள, என் மரத்தப் பாத்துக்க. ஓரத்து மரமெல்லாம் எளம்பட்டை" என்று சொல்லி அனுப்பினாள். சரிக்கா என்றேன்.

பால் வெட்டாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பால் ஓடுவது பட்டையின் உள்ளே, மரத்தை ஒட்டி, நூலளவு தள்ளி. கத்தி மேலே நின்றால் பால் இறங்காது. அந்த நூலளவைத் தாண்டினால் மரத்தில் பட்டுக் காயமாகிவிடும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு மரத்திலும் ஒரு இழுப்புக்கு, கத்தி போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு, மனசு கத்தி முனையில் இருக்க வேண்டும். முந்நூறு தடவை.

அக்காவின் நிரை ரயில் பாதையை ஒட்டிப் போகும். காலை ரயில் வருகிற நேரத்துக்கு நான் அந்த ஓரத்து மரங்களில் இருப்பேன். எனக்கு ரயில் என்றால் பைத்தியம். சன்னலில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைகளின் சேலை நிறம் பார்ப்பேன். சீனத்திகள் குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். ஒரு நாள் ஒரு மலாய்க்காரப் பிள்ளை எனக்கு நாக்கை நீட்டிக் காட்டியது, நானும் நீட்டினேன். கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்திருந்தால் தப்பில்லை. ஆனால் கை அதுபாட்டுக்கு இழுக்கும், கண் ரயிலில் இருக்கும். முதல் பத்துப் பன்னிரண்டு நாளில் பதினொரு மரம்.

முதல் காயத்தைப் பார்த்ததும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன். கங்காணியிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், தார் தடவச் சொல்லியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். நான் பாதை ஓரத்துச் செம்மண்ணை எடுத்து எச்சில் தொட்டுக் குழைத்துக் காயத்தில் அப்பினேன். மேலே சீவின பட்டைத் தூளைத் தூவிப் பாலைத் தொட்டு ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. தோட்டத்தில் பலபேர் செய்கிற வேலைதான், ஆனால் மழைக்காலத்தில் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியவில்லை. அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டது. பாதி நாள் வெட்டே இல்லை. மண்ணுக்குள் ஈரம் நின்று காயம் அழுகிக் கறுத்தது. மழை விட்டு மண் கரைந்தபோது பார்த்தால் நேற்றைய காயம் மாதிரி இல்லை, பழைய காயம் மாதிரி இருந்தது.

அக்கா வேலைக்குத் திரும்பின வாரத்திலேயே துரை பட்டை பார்க்க வந்துவிட்டார். மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் எல்லாரும் நிற்கும்போது கங்காணி அவளை முன்னால் கூப்பிட்டார். ரயில் ஓரத்து மரத்துக் காயமெல்லாம் யார் வேலை என்று கேட்டார். அக்கா பிள்ளையை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள், மூச்சு வாங்கிற்று.

"என் கத்தி இல்லீங்க கங்காணி. நான் விட்டுட்டுப் போறப்ப பட்டை சுத்தமா இருந்துச்சு."

கங்காணி என் பக்கம் திரும்பினார். "நீ எடுத்தப்ப எப்படி இருந்துச்சு?"

எங்கள் அப்பா இரண்டாவது வரிசையில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். கத்தியைப் பார்த்தேன். அக்காவைப் பார்க்கவில்லை.

"அப்பவே இருந்துச்சுங்க" என்றேன்.

இரண்டே சொல்தான். கங்காணிக்கு அது நம்பும்படி இருந்தது, காயம் அவ்வளவு கறுத்துப் போயிருந்தது. "வயித்துல புள்ளையோட மரத்தக் கட்டிப்புடிச்சு வெட்டினா கத்தி வேற எங்க போகும்" என்று அவர் சொன்னதும் ஆம்பளைகள் சிரித்தார்கள். ஒருத்தன், அக்கா மரத்துக்குத் தாலாட்டுப் பாடியிருப்பாள் என்றான். அதற்கும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாவம், கூச்சப்படுகிற பொண்ணு, அதைப் போய் முன்னால் இழுக்கிறாரே என்று எனக்குப் பின்னால் ஒரு கிழவி சொன்னது காதில் விழுந்தது. எனக்குக் கூச்சக்காரி என்ற பேர் அன்றைக்குத்தான் வந்தது. இன்றைக்கும் அந்தப் பேரில்தான் இருக்கிறேன்.

அக்காவைப் புல் வெட்டுக்கு மாற்றினார்கள். பால் வெட்டுகிறவர்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும், பிள்ளைக்குப் போய்ப் பால் கொடுக்கலாம். புல் வெட்டுக்கு நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும். அவள் சாயங்காலம் வரும்போது ரவிக்கை முன்பக்கம் நனைந்து காய்ந்து விறைத்திருக்கும். வாசலில் உட்கார்ந்து பானை கழுவிக்கொண்டே நான் அதைப் பார்ப்பேன்.

அவள் நிரை எனக்கு வந்தது. நான் ஆசைப்பட்டேனே, அந்த நிரை.

கவனம் எப்படி வந்தது என்று கேட்டால் இப்படித்தான் வந்தது. முதலில் வாயைக் கட்டினேன். ஒரு புளியங்கொட்டையை நாக்குக்கு அடியில் போட்டுக்கொள்வேன், கடைசி மரம் முடியும்வரை துப்ப மாட்டேன். பக்கத்து நிரைக்காரி கூப்பிட்டாலும் உம் என்பதோடு சரி. பிறகு காது. தலைத்துணியை இறக்கி இறுக்கிக் கட்டினேன். கண்தான் கடைசியில் அடங்கியது. ரயில் சத்தம் கேட்டதும் கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கும். அதனால் ரயில் போகிற நேரத்தில் வெட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கத்தியை இறக்கிவிட்டு ரயில் முழுக்கப் போகும்வரை மரத்தைப் பார்த்து நிற்பேன், பிறகுதான் வெட்டு. மனசை மட்டும் கட்ட முடியவில்லை. அது போகும். சரி, ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் நடக்கிற அந்த ஏழெட்டு அடியில் எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள், கத்தி பட்டையில் பட்டதும் வந்துவிடு என்று அதனோடு ஒப்பந்தம் போட்டேன். நாலைந்து மாதத்தில் பழகிவிட்டது. பிள்ளைகளுக்கு உபயோகப்படுமென்றால் இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் இன்னொன்று உண்டு, அதை யாருக்கும் சொல்லித்தர முடியாது. அந்தப் பதினொரு மரத்துக்கும் வரும்போது வெட்டுவதற்கு முன்னால் கட்டைவிரலைக் காயத்து முண்டில் வைத்து அழுத்துவேன். அழுத்தினால் மனசு வேறெங்கும் போகாது. அங்கேயே நிற்கும், அடிபட்ட மாதிரி.

பால் கூடியது. ஸ்டோரில் என் வாளியை நிறுத்தும்போது கணக்கு எழுதுகிற கிராணி மற்றவர்களைப் பார்த்து, இந்தப் பொண்ணு மாதிரி வாயை மூடிக்கொண்டு வெட்டினால் என்ன என்று கேட்பார். கங்காணி புதுசாக வருகிறவர்களை என் நிரைக்குக் கூட்டி வந்து என் பட்டையைக் காட்டுவார். அப்படிக் காட்டும்போது அந்தப் பழைய முண்டுகளையும் காட்டி, இது இதுக்கு முன்னாடி வெட்டினவ வேலை என்பார். என் வாயில் புளியங்கொட்டை இருக்கும்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. எல்லாத் தோட்டத்திலும் ஆளைக் குறைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் முதலில் குறைத்தது புல் வெட்டுக் கூட்டத்தைத்தான். வீட்டில் ஒருத்தராவது பால் வெட்டில் இருந்தால் இருக்கட்டும் என்றார்கள், இல்லாத குடும்பத்தையெல்லாம் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குக் கப்பல் ஏற்றப் பேர் எழுதினார்கள். அக்கா வீட்டில் ஒருத்தரும் பால் வெட்டில் இல்லை.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கொஞ்சம் பொரியும் வெல்லமும் முடிந்து எடுத்துக்கொண்டு போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அக்கா தட்டுமுட்டுச் சாமானைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை நடக்கப் பழகிவிட்டது, கோணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. "அக்கா, அந்தக் காயம்..." என்று ஆரம்பித்தேன். 

"தெரியும்" என்றாள், கயிற்றை இழுத்துக்கொண்டே. "எல்லாம் ரயில் பக்கமாவே இருந்துச்சு. நான் என்ன ரயிலா பாத்தேன்? வயித்தத் தூக்கிக்கிட்டு திரும்பவே முடியாது எனக்கு."

"இப்பப் போய் கங்காணிகிட்ட சொல்லிடறேங்க்கா."

"பேரு எழுதி அனுப்பியாச்சு. இப்பச் சொன்னா உங்க அப்பன் உன்ன அடிப்பான், வேற ஒண்ணும் ஆகாது." கயிற்றில் முடிச்சுப் போட்டாள். "அன்னைக்கு நீ வாயத் தொறப்பேன்னு பாத்தேன். மறுநாளும் பாத்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. பொரியை வாங்கிப் பிள்ளை கையில் கொஞ்சம் கொடுத்தாள். நான் வாசலைத் தாண்டும்போதுதான் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள. நாளைக்குக் காலை ரயில்ல போறோம். உன் நிரைப் பக்கமாத்தானே போகும். புள்ளையத் தூக்கிக் காட்டறேன், பாரு. நீதான் ரயிலப் பாக்கறவளாச்சே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேலியா, மெய்யாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் அந்த ஓரத்து மரங்களுக்கு வந்தேன். ஒரு மரத்தில் கட்டைவிரலை முண்டில் வைத்தேன், கத்தியை எடுத்தேன். ரயில் சத்தம் கேட்டது. என் பழக்கப்படி கத்தியை இறக்க வேண்டும். அன்றைக்கு இறக்கவில்லை. பட்டையில் வைத்து இழுத்தேன். சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்தது, நீளமாகப் போயிற்று. ஏ புள்ள என்று யாரோ கூப்பிட்ட மாதிரிகூட இருந்தது, நான் துணியால் காதைக் கட்டியிருந்தேன். கழுத்து திரும்பவில்லை. பழகிவிட்டது என்று சொல்லலாம். பழக்கத்தால் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் திரும்பவில்லை. ரயில் போன பிறகு வெட்டைப் பார்த்தேன். நேராக இருந்தது. பால் இறங்கி மரத்தில் கட்டின மங்குக் கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பக்கத்து நிரையில் வெட்டினவள் பிற்பாடு சொன்னாள், அக்கா சன்னலில் பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருந்தாளாம், நிரை தாண்டும்வரை இறக்கவே இல்லையாம். நீ கல்லு மாதிரி நின்னியேடி, உன்னைப்போலக் கவனம் யாருக்கும் வராது என்றாள். அதையும் ஒரு புகழ்ச்சியாகத்தான் சொன்னாள்.

மருமகளே, இதை மலரில் போடுவதும் விடுவதும் உன் விருப்பம். போடுவதானால் நான் எழுதியிருக்கிற நாள் கணக்கை யாரையாவது கேட்டுச் சரிபார்த்துவிடு. நாற்பது நாளா முப்பது நாளா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கப்பல் பினாங்கிலிருந்தா சிங்கப்பூரிலிருந்தா என்றும் தெரியவில்லை. பக்கத்து நிரைக்காரி பெக்கோக்கில் மகன் வீட்டில் இருக்கிறாள், இன்னும் நினைவு தெளிவாக இருக்கிறதாம். அந்தப் பக்கம் போனால் அவளைப் பார்த்து, அக்கா பிள்ளையைத் தூக்கிக் காட்டினது மெய்தானா என்று மட்டும் கேட்டு வா. நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.